பச்சைக்கறி சாப்பிடும் நாய்க்கு ஈரலும் மற்ற உள்ளுறுப்புகளும்: எவ்வளவு கொடுக்கலாம், எதைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது?

கேள்வி இது: "என் நாய் லாப்ரடார் கலப்பு, வயது நான்கு, எடை 24 கிலோ. பச்சைக்கறிக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. ஈரல், கிட்னி, இதயம், நுரையீரல் எது கிடைத்தாலும் சேர்த்துக் கொடுக்கிறேன். உள்ளுறுப்பு பத்து சதவீதம் வேண்டும் என்கிறார் ஒருவர். ஈரல் அதிகமானால் விஷம் என்கிறார் இன்னொருவர். எது சரி?"

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் சுமார் 600 கிராம் சாப்பிடும் உங்கள் நாய்க்கு ஈரல் 30 கிராம், கிட்னி, மண்ணீரல் வகையறா 30 கிராம் போதும். இதயமும் நுரையீரலும் இந்தக் கணக்கில் வராது. பன்றியின் உறுப்புகளை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆடு, மாட்டின் உறுப்புகளை ஒன்று நன்றாக உறையவைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வேகவைத்துக் கொடுங்கள். ஈரல் எந்த விலங்கினுடையது என்பதும் முக்கியம். அதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வளர்ந்த நாய் ஒரு நாளைக்குத் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் பச்சைக்கறி சாப்பிடும். நடுவில் 2.5 சதவீதம் என்று வைத்தால் 24 கிலோவுக்கு 600 கிராம். இதில் 80 சதவீதம் தசை, 10 சதவீதம் எலும்பு, 10 சதவீதம் உறுப்பு என்பது பச்சைக்கறி போடுபவர்களிடையே புழங்கும் விகிதம். அந்தப் பத்தில் பாதி ஈரல், மீதி மற்ற உறுப்புகள். இது ஆய்வகத்தில் கண்டுபிடித்த சூத்திரம் இல்லை. ஒரு முழு இரையின் உடம்பில் எது எவ்வளவு இருக்கும் என்ற தோராயம்தான். ஆனாலும் ஈரல் விஷயத்தில் இந்த 5 சதவீதம் நன்றாகவே பொருந்துகிறது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 கிராம் பச்சை மாட்டீரலில் வைட்டமின் ஏ ஏறக்குறைய 16,900 ஐயு (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) இருக்கிறது. செம்மறி ஆட்டின் ஈரலில் 24,000க்கு மேல். கோழி ஈரலில் 11,000 அளவில். வாத்து ஈரலில் 40,000ஐ நெருங்கும். விலங்கு தின்ற தீவனத்தைப் பொறுத்து இவை கூடும், குறையும். நாய் உணவுக்கான அமெரிக்க அளவுகோலான ஆஃப்கோ, 1000 கலோரி உணவுக்குக் குறைந்தது 1,250 ஐயு வைட்டமின் ஏ வேண்டும் என்கிறது. உச்ச வரம்பு 62,500. உங்கள் நாயின் 600 கிராம் உணவு கிட்டத்தட்ட 1000 கலோரி தரும். 30 கிராம் மாட்டீரலில் 5,000 ஐயு சொச்சம் கிடைக்கிறது. தேவையைப் போல நான்கு மடங்கு, உச்ச வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வரம்பைத் தொட வேண்டுமென்றால் தினமும் 370 கிராம் மாட்டீரல் போட வேண்டும்.

ஆகவே 5 சதவீதத்தில் ஈரல் விஷமாகாது. ஒரு நாள் நாய் கூடுதலாகத் திருடித் தின்றுவிட்டாலும் பதற வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஈரலையே முக்கிய உணவாகப் போட்டால்தான் சிக்கல்: மூட்டு வலி, கழுத்து விறைப்பு, எலும்பில் வேண்டாத வளர்ச்சி, எடை குறைதல் எல்லாம் வரும். பூனைகளில் இது அதிகம். சினை நாய் என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், மிகையான வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும்.

இன்னொன்று, வைட்டமின் ஏயை நாய் நம்மைவிட நன்றாகத் தாங்கும். மிஞ்சியதில் ஒரு பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றும், மீதியைத் தன் ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1913 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறந்த சேவியர் மெர்ட்ஸ் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. உணவு மூட்டைகள் பனிப்பிளவில் விழுந்துவிட, அவரும் டக்ளஸ் மாசனும் பனிச்சறுக்கு வண்டியை இழுத்த நாய்களையே தின்று நடந்தார்கள். அந்த நாய்களின் ஈரலில் இருந்த வைட்டமின் ஏதான் மெர்ட்ஸைக் கொன்றிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கருதினார்கள். மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்துகொண்டே அந்த நாய்கள் அதுவரை வண்டி இழுத்தன என்பதைக் கவனியுங்கள்.

ஈரல் கொடுப்பவர்கள் மீனெண்ணெய் என்று நினைத்துக் காட் ஈரல் எண்ணெயும் ஊற்றுவதுண்டு. ஒரு தேக்கரண்டியில் 4,500 ஐயு. அதாவது இன்னொரு 30 கிராம் மாட்டீரல் போட்டதுபோல. சாதாரண மீனெண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால் வைட்டமின் ஏயைவிடச் செம்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அதுவும் உங்களுடையது லாப்ரடார் கலப்பு.

மாட்டீரலில் 100 கிராமுக்கு 9.8 மில்லிகிராம் செம்பு. செம்மறி ஈரலில் 7 அளவில். கோழி ஈரலில் வெறும் அரை மில்லிகிராம்! பன்றி ஈரலும் ஒன்றுக்குக் கீழேதான். ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகள் செம்பை ஈரலில் குவித்து வைத்துக்கொள்ளும், கோழியும் பன்றியும் அப்படிச் செய்வதில்லை. வாத்து விதிவிலக்கு, அதில் 6 மில்லிகிராம் இருக்கும். ஆக, "ஈரல் 5 சதவீதம் போடுகிறேன்" என்று இருவர் சொன்னால் ஒருவருடைய நாய்க்கு இன்னொன்றைப்போல இருபது மடங்கு செம்பு ஈரல் வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

1000 கலோரிக்குக் குறைந்தபட்சத் தேவை 1.83 மில்லிகிராம். தசைக்கறியில் செம்பு மிகக் குறைவு, அரைக் கிலோவில் அரை மில்லிகிராம் தேறும். கோழி ஈரல் மட்டும் போட்டால் மொத்தம் 0.7 அளவில் நின்றுவிடும், அது போதாது. தினமும் 30 கிராம் மாட்டீரல் மட்டும் போட்டால் மூன்றரை மில்லிகிராம் வரும். சாதாரண நாய்க்கு அதில் குற்றமில்லை. ஆனால் லாப்ரடார், பெட்லிங்டன் டெரியர், டோபர்மேன், வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர், டால்மேஷன் ஆகிய இனங்களில் செம்பு ஈரலில் தேங்கி நோயாகும் பழக்கம் உண்டு. பெட்லிங்டனிலும் லாப்ரடாரிலும் அதற்கான மரபணு மாற்றங்களே கண்டறியப்பட்டிருக்கின்றன. வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற என்சைம் ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் தடயம்.

அதனால் உங்கள் நாய்க்கு நான் சொல்வது: ஈரலில் பாதி மாடு அல்லது ஆடு, பாதி கோழி. வாரத்துக்கு 210 கிராம் ஈரல் என்றால் 105 கிராம் மாட்டீரல், 105 கிராம் கோழி ஈரல். தசைக்கறியில் இருப்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் செம்பு 2 மில்லிகிராம் வருகிறது. தேவை தீர்ந்துவிடுகிறது, குவியும் அளவுக்கும் போகவில்லை.

மற்ற உறுப்புகளுக்கு வருவோம். சுரக்கும் அல்லது வடிகட்டும் வேலையுள்ளவை உறுப்புக் கணக்கு: கிட்னி, மண்ணீரல் அதாவது சுவரொட்டி, கணையம், விரை. மூளையையும் இதில் சேர்ப்பார்கள். இதயம், நாக்கு, கோழி இரைப்பை, மாட்டு இரைப்பை இவையெல்லாம் உணவளவில் தசை. இதயத்தைத் தசைக்கறியில் தாராளமாகச் சேர்க்கலாம், டாரின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, நாய்களுக்கு அது மிகவும் நல்லது. பலர் வாரம் முழுக்க இதயம் போட்டுவிட்டு உறுப்புக் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. நுரையீரல் பெரும்பாலும் காற்றும் இணைப்புத்திசுவும்தான், ஈரலுக்கோ கிட்னிக்கோ அது ஈடாகாது. காயவைத்துப் பரிசுத் துண்டாகக் கொடுக்க அருமையான பொருள்.

ஈரல் கிடைக்காத வாரத்தில் கிட்னியை இரட்டிப்பாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மாட்டுக் கிட்னியில் 100 கிராமுக்கு வைட்டமின் ஏ 1,400 ஐயுதான், செம்பு அரை மில்லிகிராமுக்கும் கீழே. அதன் பலம் வேறு: செலினியம் 140 மைக்ரோகிராம், பி12 27 மைக்ரோகிராம். மண்ணீரலின் பலம் இரும்பு. மாட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 44 மில்லிகிராம், மாட்டீரலில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு. இதைக் கொடுத்த மறுநாள் மலம் தார் நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். மண்ணீரல் கொடுக்காத நாளிலும் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் அது வேறு விஷயம், குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணையம் வேறு ஒரு காரணத்துக்காகப் பேசப்படும். செரிமான என்சைம் சுரக்காத நோய் உள்ள நாய்களுக்கு மாத்திரைப் பொடிக்குப் பதிலாகப் பச்சைக் கணையத்தை அரைத்துக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அது மருத்துவர் அளவு சொல்லிக் கொடுப்பது. ஆரோக்கியமான நாய்க்கு அது இன்னொரு உறுப்பு, அவ்வளவே. மூளையில் நல்ல கொழுப்பு இருக்கிறது, ஆனால் வயதான மாட்டின் மூளையையும் தண்டுவடத்தையும் உணவுச் சங்கிலிக்கு வெளியே வைக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதால் ஒரு நட்டமும் இல்லை.

தெரியாமல் உள்ளே வந்துவிடும் ஒரு உறுப்பு இருக்கிறது: தைராய்டு. குரல்வளை, மூச்சுக்குழல், உணவுக்குழல் இருக்கும் கழுத்துத் துண்டுகளில் அது ஒட்டிக்கொண்டு வரும். விலை மலிவு, நாய்க்கும் பிடிக்கும் என்று தினமும் இதைப் போட்டால் தைராய்டு ஹார்மோனையும் தினமும் ஊட்டுகிறோம். 2012இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஓர் ஆய்வறிக்கை இப்படி ஹார்மோன் ஏறிய 12 நாய்களை விவரித்தது: மெலிவு, வேகமான இதயத்துடிப்பு, அமைதியின்மை, சில நாய்களில் மூர்க்கம். உணவை மாற்றியதும் இறங்கிவிட்டது. கழுத்துத் துண்டுகள் எப்போதாவது பரவாயில்லை, அன்றாட உணவாக வேண்டாம்.

இனி நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் பகுதி. ஆடு, மாட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகக் கொடுப்பதில் நாய்க்கு இருக்கும் ஆபத்தைவிட வீட்டு மனிதர்களுக்கு இருக்கும் ஆபத்து அதிகம். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் இந்த உறுப்புகளில் நீர்க்கட்டியாக இருக்கும். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் சில மில்லிமீட்டரே வளரும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் வாழும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. முட்டைகள் மலத்தில் வரும், ரோமத்தில் ஒட்டும், நாயைத் தடவிய கையிலிருந்து வாய்க்குப் போகும். பிறகு அந்த நீர்க்கட்டி மனிதரின் ஈரலில், நுரையீரலில் வருடக்கணக்கில் வளரும். அறுவைச் சிகிச்சைவரை போகும் நோய் இது. ஐஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் இந்த நோயை ஒழித்த முயற்சியில் மையமாக இருந்தது ஒரு எளிய விதி: ஆட்டின் பச்சை உள்ளுறுப்பை நாய்க்குப் போடாதே.

உறையவைத்தால் இந்தக் கட்டி சாகும். மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் 10 நாள் வையுங்கள். முழு ஈரலாக வைக்காமல் மெல்லிய துண்டாக்கி ஒற்றை அடுக்காக வைத்தால் நடுப்பகுதிவரை குளிர் சீக்கிரம் இறங்கும். குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஐஸ் அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது, தனி உறைபெட்டி வேண்டும். அது இல்லையென்றால் வேகவைத்துவிடுங்கள். உள்ளே சிவப்பு மறையும்வரை வேகட்டும். வெந்தால் ஈரலின் சத்து போய்விடும் என்பது மிகையான பயம். செம்பும் இரும்பும் எங்கும் போகாது, வைட்டமின் ஏயும் பெரும்பகுதி தங்கும். வெந்த தண்ணீரையும் உணவில் ஊற்றிவிட்டால் கரைந்ததும் வீணாகாது. பச்சைக்கறி போடுபவர்களில் சிலருக்கு உறுப்பை வேகவைப்பது ஏதோ கொள்கைத் தோல்வி மாதிரி. நாய்க்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது. வெந்த எலும்புதான் ஆபத்து, வெந்த ஈரல் இல்லை.

வெள்ளைக் கட்டி, நீர்க்கொப்புளம், தடித்த பித்தக்குழாய் தெரியும் ஈரலை உறையவைக்கவும் வேண்டாம். குழி தோண்டி ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். தெருநாய் எடுக்கும்படி எறிந்தால் அந்தப் புழுவின் சுற்றை நாமே முடித்துக் கொடுத்தவர்கள் ஆவோம். பச்சை உறுப்பு தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மருந்தான பிராசிகுவாண்டல் கொடுப்பது நல்லது. சாதாரண மூன்று மாதக் குடற்புழு அட்டவணை இதற்குப் போதாது, ஏனென்றால் புழு முதிர்ந்து முட்டையிட ஆறு வாரம்தான் ஆகிறது. அளவை உங்கள் மருத்துவர் சொல்வார்.

பன்றி விஷயத்தில் உறையவைப்பதை நம்பக் கூடாது. பன்றிகளிடமிருந்து பரவும் அவுஜெஸ்கி நோய் வைரஸ் நாய்க்கு வந்தால் சில நாட்களில் மரணம், சிகிச்சை இல்லை. வேகவைப்பதுதான் வழி. காட்டுப்பன்றி என்றால் பச்சையாகத் தரும் பேச்சே வேண்டாம்.

சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியா எந்த உறைபெட்டியிலும் சாகாது, தூங்கும். நாய் சமாளித்துவிடலாம். ஆனால் வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர் யாராவது இருந்தால் நான் பச்சைக்கறியே வேண்டாம் என்பேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே பச்சைக்கறியை ஊக்குவிக்க வேண்டாம் என்று சொல்லி வருவதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

டால்மேஷனுக்கும் இங்கிலீஷ் புல்டாக்குக்கும் இன்னொரு தடை உண்டு. ஈரல், கிட்னி, மண்ணீரல், மூளை எல்லாவற்றிலும் பியூரின் அதிகம். இந்த இனங்களில் அது யூரேட் கல்லாகச் சிறுநீர்ப்பையில் உருவாகும். பிறவியிலேயே ஈரலுக்குப் போகும் ரத்தம் திசைமாறிய நாய்களுக்கும் இது பொருந்தும். இவற்றுக்கு மேலே சொன்ன விகிதம் எதுவும் செல்லாது.

நீங்கள் ஏற்கெனவே கொடுத்து வருவதால் தொடக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பு பழகாத நாய்க்குக் கட்டைவிரல் நகம் அளவில் தொடங்கி, மலம் கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒரே புது உறுப்பு. வாரத்துக்குரிய ஈரலை ஒரே நாளில் போட்டால் தரை துடைக்க வேண்டியிருக்கும், மூன்று நான்கு நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். வைட்டமின் ஏயும் செம்பும் உடம்பில் சேமிக்கப்படுபவை என்பதால் தினமும் சரியாக 30 கிராம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. வாரக் கணக்கு சரியாக வந்தால் போதும். வழவழப்பு பிடிக்காமல் துப்பும் நாய்க்கு ஈரலைச் சூடான சட்டியில் இருபுறமும் புரட்டி எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் அரைத்துக் கறியோடு கலந்துவிடுங்கள்.

காயவைத்த ஈரல் பரிசுகளையும் கணக்கில் எழுதுங்கள். பச்சை ஈரலில் 70 சதவீதம் தண்ணீர். 10 கிராம் காய்ந்த ஈரல் என்பது 30 கிராமுக்கு மேல் பச்சை ஈரல், அதாவது உங்கள் நாயின் முழு நாள் பங்கு. பயிற்சி வகுப்புக்கு ஒரு கைப்பிடி எடுத்துப் போகிறவர் அன்று கிண்ணத்தில் ஈரல் போடக் கூடாது.

உறுப்பெல்லாம் சரியாகப் போட்டுவிட்டால் உணவு முழுமை என்றும் நினைக்க வேண்டாம். வைட்டமின் ஈ, அயோடின், மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை 80:10:10இல் பெரும்பாலும் குறையும். 2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டபோது 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. அந்த நான்கையும் உங்கள் நாயின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும், கண்ணளவில் முடியாது. வளரும் குட்டிக்கு, முக்கியமாகப் பெரிய இனக் குட்டிக்கு, விகிதத்தை நம்பி உணவு போடவே வேண்டாம், கால்சியம் கொஞ்சம் பிசகினாலும் எலும்பு கோணும்.

உங்கள் நாய்க்கு இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஏஎல்டி உள்ளிட்ட ஈரல் பரிசோதனை. முடிவு சரியாக இருந்தால் மேலே சொன்ன பாதிக்குப் பாதி கலவையைத் தொடருங்கள், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் மாட்டீரலையும் ஆட்டீரலையும் அன்றே நிறுத்திவிட்டுக் கோழி ஈரல் மட்டும் கொடுங்கள், செம்பைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.